கோ வென்ட் கான் இருக்கட்டும், வாக்ட் சொல்ல வருகிறதா?

நம் ஊரில் ஆங்கில இலக்கணம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு வாய்ப்பாடுதான். கோ வென்ட் கான், கம் கேம் கம், ஈட் ஏட் ஈட்டன், டேக் டுக் டேக்கன். நோட்டுக் கடைசியில் மூன்று கட்டம் போட்டு எழுதி, ராகம் போட்டு ஒப்பித்து, ஒன்று விட்டுப்போனால் பத்து முறை இம்போசிஷன் எழுதி மனப்பாடம் செய்தது. பள்ளியை விட்டு வெகுகாலம் ஆனவர்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ரெகுலர் வெர்ப் பற்றி என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேளுங்கள். "அதுக்கு கடைசியில இ-டி சேத்தா போதும்." ஒரே வரி, அத்தோடு பாடம் முடிந்தது.

மதுரையில் மாலை நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், டிப்ளமோ முடித்து வேலை தேடும் பையன்கள், வெளிநாடு போகத் தயாராகும் நர்ஸுகள், பிள்ளைகளின் பள்ளியில் போய் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று வரும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். இவர்கள் பேசுவதைத் தினமும் கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வென்ட், கேம், ஏட் எல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் வருகின்றன. தவறு நடப்பது அந்த ஒரு வரியில் முடித்துவிட்ட பாடத்தில்தான். வாக்ட், ஆஸ்க்ட், கால்ட், ஃபினிஷ்ட் என்ற மிகச் சாதாரணச் சொற்களில்.

அது என்ன பெரிய விஷயம், ஒரு ட் விட்டால் குடி முழுகிப் போகுமா என்று கேட்கலாம். ஒரு மாதிரி இன்டர்வியூவை அப்படியே சொல்கிறேன். நான் கேள்வி கேட்கிறேன், எதிரே உட்கார்ந்திருந்த தம்பி பதில் சொல்கிறார். "ஐ கம்ப்ளீட் மை டிப்ளமோ. ஐ வொர்க் டூ இயர்ஸ் இன் கோயம்புத்தூர். ஐ ஆபரேட் சிஎன்சி மெஷின்." சொல் ஒவ்வொன்றும் தெளிவு, தயக்கம் இல்லை, குரலும் நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்கிறவருக்கு என்ன புரியும்? இவர் இப்போதும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாரா, விட்டுவிட்டு வந்தாரா? டிப்ளமோ முடித்தாயிற்றா, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாரா? "ஸோ யூ ஆர் ஸ்டில் வொர்க்கிங் தேர்?" என்று கேட்டேன். "நோ சார், ஐ வொர்க்" என்று மறுபடியும் அதையே சொன்னார். வொர்க்ட் என்றுதான் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எழுதச் சொன்னபோது இ-டி போட்டுச் சரியாக எழுதினார். அதாவது இலக்கணம் அவருக்குத் தெரியும், வாய்க்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. கஸ்டமர் கேருக்கு போன் செய்து "ஐ கேன்சல் த ஆர்டர்" என்றால் ஏற்கெனவே கேன்சல் செய்துவிட்டீர்களா, இனிமேல் செய்யப் போகிறீர்களா என்று எதிர்முனைக்கு எப்படித் தெரியும்? வென்ட் என்று சொல்லும்போது சொல்லே மாறிவிடுவதால் இந்தக் குழப்பம் வராது. ரெகுலர் வெர்ப்பிலோ இறந்தகாலம் முழுவதும் கடைசி ஒற்றெழுத்தின் தலையில் இருக்கிறது, அதை விழுங்கினால் காலமே போய்விடுகிறது.

ஏன் நமக்கு மட்டும் அந்த ஒற்று நழுவுகிறது என்று யோசித்தால் எனக்கு முதலில் தெரிவது நம் 'பண்ணு'. ஒரு நாளைக்கு எத்தனை ஆங்கில வினைகளைத் தமிழுக்குள் போட்டுப் பேசுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். கால் பண்ணேன், வெயிட் பண்ணினாங்க, கேன்சல் பண்ணிட்டாரு, ஹெல்ப் பண்ணுவா, ட்ரை பண்றோம். காலம், இடம், ஆண்பால், பெண்பால், மரியாதை எல்லாவற்றையும் பண்ணு சுமந்துகொள்கிறது, ஆங்கில வினை மொட்டையாக நிற்கிறது. கால், வெயிட், ஹெல்ப் என்ற மொட்டை வடிவத்தைச் சின்ன வயதிலிருந்து லட்சம் தடவை சொல்லியிருக்கிறோம், கால்ட் என்பதை எத்தனை தடவை சொல்லியிருப்போம்? வாய் பழகிய பக்கம்தான் போகும். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்தான் இப்படித் தடுமாறுவார் என்று நினைக்க வேண்டாம், ஆங்கிலச் சொல் நிறையப் புழங்குகிறவர்களிடம்தான் இது அதிகம் என்பது என் அனுபவம்.

அடுத்த காரணம் இன்னும் ஆழமானது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. பாக்கு, பாட்டு, காப்பு என்று ஒரு உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். ஒரு வல்லின மெய்யில் முடிவதே நமக்குப் புதிது என்றால், வாக்ட் என்பதில் க், ட் என்று இரண்டு சேர்ந்தாற்போல வந்து நிற்கின்றன. நாக்கு என்ன செய்யும்? இரண்டு வழிதான். கடைசியை விட்டுவிட்டு 'வாக்' என்று நிற்கும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு உயிரைப் போட்டு 'வாக்கெட்' என்று சொல்லும். எழுத்தில் இ இருக்கிறதே என்ற தைரியமும் சேர்ந்துகொள்ளும். லைக்கெட், ஹோப்பெட், ஆஸ்க்கெட், வாஷெட். இது சோம்பல் இல்லை, நம் மொழியின் ஒலி அமைப்பு செய்யும் வேலை.

இப்போது உண்மையான பாடத்துக்கு வருவோம். அந்த இ-டி என்பது எழுத்தில் ஒன்று, ஓசையில் மூன்று. இதைப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

தமிழில் ட என்ற எழுத்து ஒன்றுதான் என்றாலும் அதற்கு இரண்டு ஓசை இருக்கிறது. பாட்டு என்று சொல்லுங்கள், அதில் வருவது வன்மையான ட். பாடு என்று சொல்லுங்கள், வண்டி என்று சொல்லுங்கள், அதில் வருவது மென்மையான ட. ஆங்கிலத்துக்கு இந்த இரண்டும் தனித்தனி எழுத்து. ரெகுலர் வெர்ப்பின் கடைசியில் எது வரும் என்பதை அந்த வினையின் கடைசி ஓசை தீர்மானிக்கிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள், அதிர்வு இருக்காது. 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள், அதிரும். வினை அதிராத ஓசையில் முடிந்தால், அதாவது க், ப், ச், ஸ், ஷ், ஃப் என்று முடிந்தால், பாட்டு என்பதில் வரும் வன்மையான ட் சேரும். வாக்ட், ஹெல்ப்ட், வாட்ச்ட், ஃபினிஷ்ட், லாஃப்ட். அதிரும் ஓசையில் முடிந்தால், அதாவது உயிரோசை, ல், ம், ன், வ் மாதிரி இருந்தால், வண்டியில் வரும் மென்மையான ட சேரும். கால்ட், பிளான்ட், லவ்ட், பிளேய்ட், ட்ரைட். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே ட் ஆகத் தெரிகிறது, வாயால் சொல்லும்போது வேறு வேறு.

இதை விதியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி. ன் ஓசைக்குப் பின்னால் ட வந்தால் அதை மென்மையாகச் சொல்வது நமக்குப் பிறவிப் பழக்கம். வண்டி, கண்டேன், நண்டு என்று யாரும் விதி பார்த்துச் சொல்வதில்லை. அதேபோல க் என்ற வல்லினத்துக்குப் பக்கத்தில் வரும் ட் தானாகவே வன்மையாகத்தான் வரும். ஓசை தன் பக்கத்து ஓசையைப் பார்த்து நடந்துகொள்ளும் என்பது தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. பிளான் என்பதோடு ஒற்றைச் சேர்த்து வேகமாகச் சொன்னால் மென்மை தானே வந்துவிடும்.

மூன்றாவது ஓசைதான் 'இட்'. வினையே ட் ஓசையில் முடிந்திருந்தால், அதன்மேல் இன்னொரு ட் ஏற்ற முடியாது என்பதால், நடுவில் ஒரு உயிர் வருகிறது. வாண்டிட், ஸ்டார்ட்டிட், நீடிட், வெயிட்டிட், டிசைடிட். இங்கே மட்டும்தான் ஒரு அசை கூடுகிறது. நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். உயிர் வேண்டாத வாக்ட், லைக்டில் போட்டுவிட்டு, உயிர் வேண்டியே தீர வேண்டிய இடத்தில் "ஹி வாண்ட் டு கோ எஸ்டர்டே" என்று விட்டுவிடுகிறார்கள். வாண்ட் என்பது ட் ஓசையில் முடிவதால் ஏற்கெனவே இறந்தகாலம் ஆனது மாதிரி காதுக்குத் தோன்றிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குழப்பமும் இல்லை. 1958ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். மொழியிலேயே இல்லாத சொற்களைத் தானே உருவாக்கி, படம் காட்டிக் கேட்டார். இந்த ஆளுக்கு 'ரிக்' செய்யத் தெரியும், நேற்றும் அதையேதான் செய்தார், அப்படியானால் நேற்று அவர் என்ன செய்தார்? எந்தப் புத்தகத்திலும் இல்லாத, யாரும் சொல்லிக் கேட்காத சொல். ஆனாலும் குழந்தைகள் 'ரிக்ட்' என்றார்கள், வன்மையான ட் போட்டு. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைக்கு இந்த விதி வாய்ப்பாடாக மனதில் இல்லை, காதிலும் நாக்கிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே குழந்தைகளிடம் 'மாட்' என்ற இன்னொரு பொய்ச் சொல்லைக் கொடுத்தபோது பலர் தடுமாறினார்கள். மாட்டிட் என்று சொல்லாமல் மாட் என்றே விட்டுவிட்டார்கள். ட் ஓசையில் முடியும் வினையில் அந்த ஊர்க் குழந்தைகளுக்கே இந்தச் சிக்கல் இருக்கிறது என்றால், வாண்டிட் வராமல் தவிக்கும் நம் ஆட்கள் மனம் தளர வேண்டியதே இல்லை.

இன்னொன்று. 'வாக்கெட்' என்று நாம் சொல்வதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்த உயிரை உண்மையிலேயே உச்சரித்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சில் அது உதிர்ந்தது, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. 1712ல் ஜொனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் இந்த உயிர் உதிர்வதைக் கண்டித்து எழுதினார். உயிரை விட்டுவிட்டு மெய்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார்கள், காதுக்கு நாராசமாக இருக்கிறது என்பது அவர் கட்சி. பேச்சு அவரைக் கேட்கவில்லை. ஆனால் சில சொற்களில் பழைய உச்சரிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. நீதிமன்றத்தில் வக்கீல்கள் எதிர்த்தரப்பு வக்கீலை 'மை லேர்னெட் ஃப்ரெண்ட்' என்று குறிப்பிடுவார்களே, அந்த லேர்னெட் இரண்டு அசை. 'ஐ லேர்ன்ட் டிரைவிங்' என்னும்போது ஒரே அசை. ப்ளெஸ்ஸெட், பிலவெட் என்று தேவாலயத்தில் கேட்பதும் இதே வகைதான். ஆகவே வாக்கெட் என்று சொல்கிற மாணவரைப் பார்த்துச் சிரிக்கிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. எழுத்தை நம்பி அவர் படிக்கிறார், எழுத்து அவரை ஏமாற்றுகிறது.

சரி, வாக்ட் எப்படி வரவைப்பது? நான் வகுப்பில் செய்வது இதுதான். தனிச் சொல்லாகச் சொல்லச் சொல்வதே இல்லை. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். வாக்ட் இன். ஆஸ்க்ட் அபவுட். ஸ்டாப்ட் அட். கால்ட் அஸ். ஃபினிஷ்ட் இட். மெய்யின் மேல் உயிர் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது நம் புணர்ச்சி இலக்கணத்தின் அரிச்சுவடி. 'கால் உடைந்தது' என்பது வாயில் 'காலுடைந்தது' ஆகிறது, யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதேபோல 'வாக்டின்', 'ஸ்டாப்டட்', 'கால்டஸ்', 'ஃபினிஷ்டிட்'. ட் இப்போது சொல்லின் கடைசியில் தனியே தொங்கவில்லை, அடுத்த உயிரின் மேல் ஏறிக்கொண்டது. விழுங்க முடியாது. வாக்ட் வராமல் மாதக்கணக்கில் போராடியவர்கள் கூட 'வாக்டின்' என்று உடனே சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில், 'வாக்டு' என்று ஒரு குட்டி உகரம் கேட்டால் கூட நான் திருத்துவதில்லை. வாக்கெட்டைவிட அது ஆங்கிலக் காதுக்கு நெருக்கம், நாளடைவில் உகரம் தானே தேய்ந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான சூழலையும் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் மெய்யெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், குறிப்பாக ட் ஓசையே வந்தால், ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும்கூட முதல் ட்-ஐத் தெளிவாகச் சொல்வதில்லை. 'வாக்ட் டு' என்பதில் ஒரு ட் தான் கேட்கும். படத்திலும் யூடியூபிலும் கேட்டுக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் "அவங்களே சொல்லலையே" என்பார்கள். உண்மைதான், அந்த இடத்தில் சொல்லவில்லை. 'ஐ யூஸ்ட் டு' என்பதை எழுதும்போது டி-யை விட்டுவிட்டு எழுதுகிற பழக்கம் ஆங்கிலேயர்களிடமே இருப்பது இதனால்தான். இந்த யூஸ்ட் ஒரு சுவாரசியமான சொல். பேனாவை உபயோகித்தேன் என்னும் பொருளில் வரும்போது மென்மையாக முடியும், முன்பெல்லாம் செய்வேன் என்னும் பொருளில் வரும்போது வன்மையாக முடியும். எழுத்து அச்சு அசல் ஒன்றுதான்.

ஓசை பிடிபட்டதும் அடுத்து வருவது டிட். "ஐ டிட் நாட் வாக்ட்", "டிட் யூ கால்ட்?" நேற்று நடந்த விஷயம்தானே, எல்லா இடத்திலும் இ-டி போட்டால் என்ன என்ற நியாயம் இதன் பின்னால் இருக்கிறது. இதற்கு நான் ஆங்கில விதியைச் சொல்வதைவிட நம் 'வரவில்லை'யைக் காட்டுவது வழக்கம். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர்கள் வரவில்லை. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. வந்தேன் என்பதில் இருந்த காலமும் இல்லை, 'ஏன்' என்ற விகுதியும் இல்லை, 'வர' மொட்டையாக நிற்கிறது. வந்தவில்லை என்று யாராவது சொல்வோமா? ஆங்கிலத்திலும் எதிர்மறையோ கேள்வியோ வந்தால் வினை அதே மாதிரி மொட்டையாகிவிடுகிறது. என்ன, காலத்தை டிட் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

நிகழ்காலத்து எஸ் வேறு வகைத் தலைவலி. ஐ வாக், யூ வாக், வீ வாக், தே வாக், ஆனால் ஹி வாக்ஸ். ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த வால்? தமிழில் நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறாள், நடக்கிறது, நடக்கிறோம், நடக்கிறார்கள் என்று எல்லோருக்கும் விகுதி உண்டு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. நான் என்றால் ஒன்று, நீ என்றால் ஒன்று, அவன் என்றால் ஒன்று. ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் மிஞ்சியது அவன், அவள், அதுவுக்கான விகுதி மட்டும்தான். அதுவும் பழைய காலத்தில் எஸ் இல்லை, 'எத்'. கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர்களுக்கு 23ஆம் சங்கீதம் ஆங்கிலத்தில் காதில் விழுந்திருக்கும், அதில் 'ஹி ரெஸ்டோரெத் மை ஸோல்' என்று வரும். ரெஸ்டோர் ஒரு ரெகுலர் வெர்ப், இன்றைக்கு ரெஸ்டோர்ஸ். 1611ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் எத் போடுகிறது, அதே காலத்து ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதுகிறார். இங்கிலாந்தின் வடக்குப் பகுதிப் பேச்சிலிருந்த எஸ் தெற்கே பரவி எத்-ஐ வெளியேற்றியது. ஆக, நமக்குத் தலைவலி தரும் இந்த எஸ், பெரிய குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே ஆள்.

இதில் மாணவர்களைக் குழப்புவது பெயர்ச்சொல்லின் எஸ். பாய்ஸ் என்றால் பன்மை, அப்போது வினைக்கும் எஸ் போட்டு 'பாய்ஸ் பிளேஸ்' என்றால்தானே பொருத்தம் என்று தோன்றும். நேர்மாறு. பாய் பிளேஸ், பாய்ஸ் பிளே. ஒரு எஸ் தான், அதை எழுவாய் எடுத்துக்கொண்டால் வினைக்குக் கிடையாது. சில்ட்ரன், பீப்பிள் மாதிரி எஸ் இல்லாத பன்மைகளுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது, அதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். ஓசையில் இதுவும் இ-டி மாதிரியே மூன்றாகப் பிரிகிறது. வாக்ஸ் என்பதில் கூர்மையான ஸ், கால்ஸ் என்பதில் அதிரும் ஸ், வாட்ச்சிஸ், ஃபினிஷிஸ் என்பவற்றில் ஒரு அசை கூடுகிறது. இங்கே அதிரும் ஸ் வராவிட்டால் நான் அலட்டிக்கொள்வதில்லை. ஸ் என்று ஏதோ ஒன்று காதில் விழுந்தால் போதும், பொருள் கெடாது. டஸ் வந்தால் எஸ்-ஐ அதுவே வைத்துக்கொள்ளும், 'டஸ் ஹி வாக்ஸ்' கிடையாது என்பதற்கும் அதே வரவில்லை கதைதான்.

ஐ-என்-ஜி பற்றி நீட்டப் போவதில்லை. 'தினமும் நடக்கிறேன்' என்பதற்கும் 'இதோ நடக்கிறேன்' என்பதற்கும் தமிழில் ஒரே வடிவம் போதும், அதனால் 'ஐ ஆம் வாக்கிங் டெய்லி' என்கிறோம். பழக்கத்துக்கு ஐ வாக், இந்த நிமிடம் நடப்பதற்கு ஐ ஆம் வாக்கிங்.

ஸ்பெல்லிங்கில் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் போடுகின்றன, எனக்கு அதில் அவ்வளவு கவலை இல்லை. மொபைலே திருத்திவிடுகிறது. ஒன்று மட்டும் விளக்கத் தகுந்தது. ஸ்டாப் என்பதற்கு இரண்டு பி போட்டு ஸ்டாப்ட் எழுதுகிறோம், விசிட் என்பதற்கு ஏன் இரண்டு டி வேண்டாம்? ப்ரிஃபர் என்பதற்கு ஆர் இரட்டிக்கிறது, ஆஃபர் என்பதற்கு ஏன் இரட்டிப்பதில்லை? அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான் விடை. ப்ரிஃபர் என்பதில் கடைசி அசையில் அழுத்தம், ஆகவே இரட்டிக்கும். ஆஃபர், விசிட் இரண்டிலும் முதல் அசையில் அழுத்தம், இரட்டிக்காது. பிரிட்டிஷ் ஆங்கிலம் டிராவல், கேன்சல் போன்ற எல் எழுத்தில் முடியும் சொற்களுக்கு இந்த விதியை மீறி இரண்டு எல் போடும், அமெரிக்க ஆங்கிலம் ஒன்றோடு நிறுத்திவிடும். இந்தியாவில் நாம் படிப்பது பிரிட்டிஷ் முறை. கம்ப்யூட்டரில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று வைத்திருந்தால் சரியாக எழுதிய டிராவல்டுக்கும் சிவப்புக் கோடு போடும், அதைப் பார்த்து பயந்து மாற்ற வேண்டாம்.

வாய்ப்பாட்டை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும், பி, ஹேவ், டூ, கோ, ஸே என்று தொடங்கி எல்லாமே இர்ரெகுலர்தான். அவை இல்லாமல் ஒரு நாள் ஓடாது, மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் மொழி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? 2007ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் இர்ரெகுலராக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு அவை என்ன ஆயின என்று தேடினார்கள். நடுக்கால ஆங்கிலத்தில் 145 மிஞ்சின, இன்றைக்கு 98. மற்றவை எல்லாம் இ-டி பக்கம் வந்துவிட்டன. ஹெல்ப் என்பதற்கு ஒரு காலத்தில் ஹோல்ப், ஹோல்பன் என்று வாய்ப்பாடு இருந்தது, இப்போது சாதுவாக ஹெல்ப்ட். எந்த வினை குறைவாகப் புழங்குகிறதோ அது சீக்கிரம் மாறும். 100 மடங்கு குறைவாகப் புழங்குவது 10 மடங்கு வேகமாக ரெகுலர் ஆகிறது என்பது அவர்கள் கண்ட விகிதம். வாயில் ஓயாமல் புழங்கினால்தான் ஒழுங்கில்லாத வடிவம் நினைவில் நிற்கும், காரணம் அதுதான். அமெரிக்கர்கள் ஸ்னீக்ட் என்று இருந்ததை ஸ்னக் என்று மாற்றிக்கொண்ட மாதிரி எதிர்த் திசையில் போவதும் உண்டு, ஆனால் அது அபூர்வம். புதிதாகப் பிறக்கும் வினைகள் ஏறக்குறைய எல்லாமே இ-டி பக்கம்தான். கூகுள்ட், டெக்ஸ்டட், இமெயில்ட், டவுன்லோடட். வாட்ஸ்அப் கூட வினையானால் வாட்ஸ்அப்ட் தான், வேறு வழியே இல்லை.

தமிழ் கற்க வரும் ஒரு வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். ஓடு, ஓடினான். போடு, போட்டான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொல், இறந்தகாலம் இரண்டு விதம். நட என்றால் நடந்தான், படி என்றால் படித்தான், தின் என்றால் தின்றான். எது எந்த வகை என்று அவர் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் யோசிக்காமல் பேசுகிற நமக்கு, ஆங்கில ரெகுலர் வெர்ப் தருவது நான்கே வடிவம், ஆயிரக்கணக்கான வினைக்கும் அதே நான்கு. வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதைப் பள்ளிகள் ஒரு வரியில் தள்ளிவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்துவிட்டு வருகிற பிள்ளை ஒருமுறைகூட இந்த மூன்று ஓசையைக் காதால் பிரித்துக் கேட்காமலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிடுகிறது, தேர்வில் எழுத்துக்குத்தான் மார்க் என்பதால்.

வீட்டில் தனியாகப் பழகுகிறவர்களுக்கு நான் தரும் முதல் பட்டியல் சின்னது. வொர்க், ஆஸ்க், கால், ஹெல்ப், ஃபினிஷ், ஸ்டார்ட், வாண்ட், நீட், ட்ரை, லிவ். அன்றாடம் இவை இல்லாமல் பேச்சு கிடையாது, மூன்று ஓசையும் இதற்குள் வந்துவிடுகிறது. நேற்று என்ன செய்தீர்கள் என்பதை இந்த வினைகளை வைத்தே நாலு வாக்கியம் மொபைலில் பதிவு செய்து, போட்டுக் கேளுங்கள். பேசும்போது காதில் விழாத விடுபட்ட ட், பதிவில் அப்பட்டமாகத் தெரியும். பின்னால் இன், இட், அட், அபவுட் என்று உயிரில் தொடங்கும் சொல்லாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் ஆஸ்க் ஒன்றுதான் எல்லோரையும் படுத்துகிறது. ஆஸ்க்ட் என்பதில் ஸ், க், ட் என்று மூன்று மெய் வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு முயன்றும் வராதவர்கள் நடுவில் உள்ள க்-ஐ விட்டுவிட்டு 'ஆஸ்ட்' என்று சொல்லுங்கள், தவறே இல்லை. ஆங்கிலம் தாய்மொழியானவர்களே வேகமாகப் பேசும்போது அப்படித்தான் சொல்கிறார்கள். க் போனால் பரவாயில்லை, ட் போகக்கூடாது.